‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு சார்...’ போலி டெக் சப்போர்ட் அழைப்பு ஏமாற்றுவது எப்படி? பணம் போனால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

தமிழ்நாடு - கேரளா எல்லையில், செங்கோட்டையை அடுத்துள்ள புளியறை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, ‘எங்கிருந்து வர்றீங்க, என்ன ஏத்திட்டு போறீங்க’ என்று கேட்பது வழக்கம். ஆனால் அதே புளியறையில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் செல்போனுக்கு யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும், எந்தப் பெயரைச் சொல்லியும் அழைக்கலாம். அங்கே கேள்வி கேட்க ஆள் கிடையாது. போனை எடுப்பவர்தான் கேட்க வேண்டும்.

இந்த வசதியைப் பயன்படுத்தித்தான் ‘மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசுறோம்’, ‘உங்க பேங்க் ஹெல்ப்லைன்ல இருந்து பேசுறோம்’ என்று அழைத்து கணக்கைக் காலி செய்கிறது ஒரு கும்பல். இந்த மோசடி எப்படி நடக்கிறது? பணம் போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா?

சுருக்கமாக 4 விஷயங்கள்

- நீங்கள் உதவி கேட்காமல் எந்த கம்ப்யூட்டர் நிறுவனமும் தானாக போன் செய்து ‘வைரஸ் இருக்கு’ என்று சொல்லாது.
- எச்சரிக்கை செய்தியில் போன் நம்பர் இருந்தால் அது போலி.
- முன்பின் தெரியாதவர் சொல்லி ஸ்கிரீன் ஷேர் செய்யும் ஆப்-ஐ இறக்கக் கூடாது.
- பணம் போனால் உடனே 1930. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மோசடி எப்படித் தொடங்குகிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நேரடி போன் கால். ‘உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எங்களுக்கு எரர் மெசேஜ் வருது’ என்று ஆரம்பிப்பார்கள்.

இரண்டாவது, பாப்-அப். ஏதோ ஒரு இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு எச்சரிக்கை வரும். சைரன் போல சத்தமும் கேட்கும். மூடவும் முடியாது. ‘கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று ஒரு நம்பர் இருக்கும். பதற்றத்தில் நாமே அழைத்துவிடுவோம். மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அந்த நிறுவனத்தின் எரர் மற்றும் எச்சரிக்கை செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது.

மூன்றாவது, கூகுள் தேடல். யூபிஐ-யில் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை, டிடிஎச் ரீசார்ஜ் ஏறவில்லை என்றால் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுவோம். அந்த முடிவுகளுக்குள் மோசடிக் கும்பல் தன் எண்ணையும் சேர்த்து வைத்திருக்கும். இங்கே அவர்கள் நம்மைத் தேடி வருவதில்லை. நாமே அவர்களைத் தேடிப் போகிறோம். அதனால் சந்தேகமே வருவதில்லை.

திரையில் காட்டும் ‘ஆதாரம்’ உண்மையா?

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். போனில் பேசுபவர், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறக்கச் சொல்வார். அதில் சிவப்பு, மஞ்சள் குறியோடு வரிசையாக எரர்கள் தெரியும். ‘பாத்தீங்களா சார், எவ்வளவு வைரஸ்!’ என்பார். ஆனால் அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு மாதிரிதான். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்த எரர்கள் இருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை டைப் செய்யச் சொல்வார்கள். வரும் பட்டியலில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீளமான ஒரு எண் இருக்கும். அதே எண்ணை அவர் போனில் படித்துக் காட்டி, ‘இதுதான் உங்க கம்ப்யூட்டரோட லைசென்ஸ் நம்பர், எங்க ரெக்கார்டுல இருக்கு’ என்பார். கேட்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும். உண்மை என்னவென்றால், அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பிலும் அதுதான், அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் அதுதான்.

பணம் எப்படிப் போகிறது?

நம்பிக்கை வந்ததும், ‘நாங்களே சரி செஞ்சு தர்றோம், ஒரு ஆப் மட்டும் போடுங்க’ என்பார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்கள் அவை. இவை மோசடி ஆப்கள் இல்லை. அலுவலகங்களில் தூரத்தில் இருந்தபடி கம்ப்யூட்டரைச் சரி செய்ய தினமும் பயன்படுபவைதான். ஆனால் அதில் வரும் கோடு எண்ணைச் சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால், உங்கள் திரை முழுக்க எதிர்முனையில் தெரியும். ஓடிபி, யூபிஐ, பாஸ்வேர்டு எல்லாமே. எனிடெஸ்க் வழியாக இப்படிப் பணம் திருடப்படுவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

அடுத்தது ‘ரீஃபண்ட்’ நாடகம். ‘சர்வீஸ் சார்ஜ் திருப்பித் தர்றோம்’ என்று சொல்லி நெட் பேங்கிங்கைத் திறக்க வைப்பார்கள். பிரவுசரில் தெரியும் பேலன்ஸ் தொகையை அவர்களே மாற்றிக் காட்ட முடியும். கணக்கில் உண்மையில் எதுவும் வந்திருக்காது, திரையில் தெரியும் எண் மட்டும் மாறியிருக்கும். ‘ஐயோ, கூடுதலா அனுப்பிட்டேன் சார், என் வேலை போயிடும், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்று கெஞ்சுவார்கள். இரக்கப்பட்டு அனுப்புவது நம் சொந்தப் பணம்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. வங்கி அதிகாரி என்று சொல்லி ‘கேஒய்சி அப்டேட்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்புவது ஒரு வகை. அதை இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அவர்களுக்கும் போகலாம்.

‘உங்க சிம்ல பிரச்சினை, ஸ்டார் 401 ஹாஷ் போட்டு இந்த நம்பரை அழுத்துங்க’ என்பது இன்னொரு வகை. அப்படிச் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்பும். போன் காலில் வரும் ஓடிபியும் அவர்கள் காதுக்குப் போகும். இதைப் பற்றி தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது. இப்படி எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பிவிடும் வசதியையே 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கவும் உத்தரவிட்டது.

ஏமாறுபவர்கள் வயதானவர்கள் மட்டும்தானா?

இல்லை. மைக்ரோசாஃப்ட் 2021-ல் இந்தியா உட்பட 16 நாடுகளில் நடத்திய ஆய்வில், இந்தியாவில் கேள்வி கேட்கப்பட்டவர்களில் 69 சதவீதம் பேர் இந்த மோசடி முயற்சியை எதிர்கொண்டதாகச் சொன்னார்கள். 31 சதவீதம் பேர் பணத்தையும் இழந்திருந்தனர். அதிகம் சிக்கியது 24 முதல் 37 வயது வரை உள்ளவர்கள். ‘எனக்கு கம்ப்யூட்டர் தெரியும்’ என்ற தைரியம் பாதுகாப்பு தராது என்பதைத்தான் இது காட்டுகிறது.

இதன் பின்னால் இருப்பது யார்?

வருத்தமான விஷயம், உலக அளவில் இந்த மோசடிக்கு முக்கியக் களமே இந்தியாதான். 2012-லேயே அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் எஃப்டிசி இப்படிப்பட்ட ஆறு கும்பல்கள் மீது நடவடிக்கை எடுத்தது. பெரும்பாலான அழைப்புகள் இந்தியாவில் இருந்து சென்றவை.

2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் 76 இடங்களில் சிபிஐ சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம். அந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லி 2,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. 2025 மே மாதம் டெல்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசத்தில் 19 இடங்களில் மறுபடியும் சோதனை நடந்தது. ஜப்பான் மக்களைக் குறிவைத்த இரண்டு கால் சென்டர்கள் பிடிபட்டன. 6 பேர் கைதானார்கள்.

அமெரிக்காவில் மட்டும் டெக் சப்போர்ட் மோசடியால் 2024-ல் சுமார் 146 கோடி டாலர் பறிபோனதாக எஃப்பிஐ கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் எல்லா வகை சைபர் மோசடிகளையும் சேர்த்து 2024-ல் மக்கள் இழந்தது ரூ.22,845 கோடி என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. 2023-ல் இது ரூ.7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

வேலை தேடும் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். ‘இன்டர்நேஷனல் வாய்ஸ் பிராசஸ்’ என்று சொல்லி ஆள் எடுக்கும் எல்லா இடமும் நேர்மையானது அல்ல. வேறு பெயரில் பேசச் சொன்னால், வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தச் சொன்னால், அது வேலை இல்லை, குற்றம். கம்ப்யூட்டர் அல்லது போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம்.

அப்போ உண்மையான சப்போர்ட் எப்படி இருக்கும்?

உதாரணத்துக்கு தென்காசி மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோ அலுவலகத்தில் உருவானதுதான் ‘ஸோஹோ டெஸ்க்’. நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் புகார்களைப் பதிவு செய்து பதில் சொல்வதற்கான மென்பொருள் அது. இந்த மாதிரி முறைகளில் முதலில் வாடிக்கையாளர் புகார் கொடுப்பார். அதற்கு ஒரு டிக்கெட் எண் கிடைக்கும். அந்த எண்ணைச் சொல்லித்தான் பதில் வரும்.

மோசடி அழைப்பில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். நீங்கள் புகாரே கொடுத்திருக்க மாட்டீர்கள், ஆனால் தீர்வு போனில் வரும். யாராவது அப்படி அழைத்தால் ஒரே கேள்வி போதும்: ‘நான் எப்போ கம்ப்ளெயின்ட் கொடுத்தேன்?’ பதில் என்னவாக இருந்தாலும் போனை வைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ ஆப்-இலோ, டெபிட் கார்டின் பின்பக்கத்திலோ இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

பாப்-அப் வந்து திரை நின்றுவிட்டால்?

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது வெறும் ஒரு வெப் பேஜ்தான். எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத் திரையில் இருந்து வெளியே வரலாம். முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

பணம் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும்?

1. இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபை, டேட்டா இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். செல்போனில் ஆப் ஏற்றியிருந்தால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் வேறு போனில் இருந்து பேசுங்கள்.
2. 1930-க்கு அழையுங்கள். வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்எம்எஸ்-இல் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க இந்தத் தகவல்தான் உதவும்.
3. வங்கிக்கு அழைத்து கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் எல்லாவற்றையும் பிளாக் செய்யச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.
4. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பதிவு செய்யுங்கள்.
5. கால் ஹிஸ்டரி, எஸ்எம்எஸ், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து மாற்றுங்கள்.

‘போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் கட்டுங்க’ என்று பிறகு ஒரு அழைப்பு வரலாம். அது இரண்டாவது மோசடி.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

தென்காசி மாவட்டத்தில் இருப்பவர்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தை அணுகலாம். ‘அது எங்க லிமிட் இல்லை’ என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் இதற்கான விதிகளை வகுத்தது. வங்கி மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் ஓடிபி, பாஸ்வேர்டு போன்றவற்றை நீங்களே கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

டெக் சப்போர்ட் மோசடியில் பெரும்பாலும் ஸ்கிரீனைக் காட்டியது நாமாகவே இருப்போம். அதனால் புகார் கொடுத்த நேரம் மிக முக்கியம். பகல் 11 மணிக்கு ஏமாந்தவர் 11.10-க்குப் புகார் கொடுப்பதற்கும், ‘வெளிய சொன்னா அசிங்கம்’ என்று மறுநாள் காலை வரை யோசிப்பதற்கும் இடையே கணக்கே காலியாகிவிடலாம்.

இதில் குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று வேலைக்குப் போய்விட, ஊரில் பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் எல்லைப் பகுதிக் கிராமங்களில் நிறைய. ‘ஏம்மா அதை அமுக்கினீங்க?’ என்று ஒரு தடவை திட்டு வாங்கியவர், அடுத்த தடவை பணம் போனாலும் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார். அந்தத் தயக்கம்தான் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம். இன்று ராத்திரி வீட்டுக்கு போன் பேசும்போது 1930 எண்ணையும் வங்கியின் ஹெல்ப்லைனையும் அவர்கள் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்: ‘எது நடந்தாலும் முதல்ல 1930-க்கு போடுங்க, அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க. நான் திட்ட மாட்டேன்.’