ஏழையின் தேர்

குளிரூட்டிய புகைவண்டி செல்வந்தர்க்கே உரியதென்ற எண்ணம் பாரதத்தில் நெடுநாள் நிலவிற்று. 1969-இல் ஹௌராவிலிருந்து புதுதில்லிக்குப் புறப்பட்ட ராஜதானி கடுகதியும் அவ்வெண்ணத்தை மாற்றவில்லை. 2006-இலேதான் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் ‘கரீப் ரத்’, அதாவது ஏழையின் தேர், என்னும் வண்டியைப் பீகாரின் சஹர்சாவிலிருந்து அமிர்தசரசுக்கு ஓடவிட்டார். பஞ்சாபின் வயல்களுக்குக் கூலிவேலை தேடிச் செல்வோரின் மார்க்கம் அது.

கட்டணம் எவ்வாறு குறைந்தது? இடத்தைச் சுருக்கினார்கள். நடைபாதையோரம் இரண்டு படுக்கைகள் இருந்த இடத்தில் மூன்றாயின. நடுவிற் படுத்தவர் நிமிர்ந்து உட்கார இயலாது. போர்வைக்கும் தலையணைக்கும் தனிக் காசு. ஏழைக்கு முதுகு வளையுமென்று யார் கணித்தாரோ! எனினும், கோடையிற் கங்கைச் சமவெளியைக் கடந்தவர்கள் அந்தக் குளிர்ச்சியை எளிதில் இகழமாட்டார்கள். 2016-இல், படுக்கைகள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஒன்றரை மடங்குவரை ஏறும் முறை ராஜதானிக்கு வந்தது. ஏழையின் தேரை அதில் இணைக்கவில்லை.