அடுப்பறியா ஆணும் வங்கியறியாப் பெண்ணும்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் என் துணைவியார் வயிற்று அறுவைக்காகப் பதினொரு நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. மகள் மணமாகி அயலூரில் வாழ்கிறாள். மகன் பணியின் பொருட்டுக் கோவையில் இருக்கிறான். சென்னை வீட்டில் நான் ஒருவனே எஞ்சினேன். முதல்நாள் இரவு மருத்துவமனையினின்று மீண்டு, பசியோடு அடுக்களைக்குள் நுழைந்தேன். அரிசி எந்தக் கலத்தில் இருக்கிறதென்று தெரியவில்லை. தேடிக் கண்டெடுத்தபின், ஓர் ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு நீர் விடுவதென்று தெரியவில்லை. அன்றிரவு நான் ஆக்கியது சோறும் அன்று, கஞ்சியும் அன்று. மறுநாள் எதிர்வீட்டு அம்மையார் நிலைமையை உணர்ந்து உணவு கொடுத்தனுப்பினார். பதினொரு நாளும் அவர் கையுணவே என்னைக் காத்தது.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்று உண்டு. புதுமணத் தலைவி தன் கையால் தயிர் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணிற் படிய, ஆடையைத் துவைக்காமலே உடுத்திக் குழம்பாக்கிப் படைக்கிறாள். தலைவன் சுவைத்துப் புகழ்ந்து உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. இப் பாட்டை இருபத்தேழு ஆண்டுகள் மாணவர்க்கு நயந்து நயந்து நடத்தியவன் நான். தயிர் பிசைந்த விரலின் அழகை ஒரு பாடவேளை முழுதும் விரித்துரைக்கத் தெரிந்த எனக்குப் பாலுக்கு உறையூற்றத் தெரியாது. ஐம்பத்தாறு அகவை நிரம்பிய தமிழாசிரியன், தன் வயிற்றுக்குத் தானே ஒருவேளைச் சோறு ஆக்கிக்கொள்ள வகையற்றவன் என்பதை அன்றிரவு அடுக்களைத் தரையில் அமர்ந்து உணர்ந்தேன். நாணினேன். அந் நாணமே இதனை எழுதத் தூண்டுகிறது.

இக் குறை ஆண்பாற்கு மட்டும் உரியது என்று அன்பர்கள் கருத வேண்டா. மற்றொரு பக்கமும் உண்டு. என் தமக்கையார் பெரம்பூரில் முப்பத்துநான்கு ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர். எட்டுப்பேர் கொண்ட வீட்டின் அரிசி, பருப்பு, எண்ணெய்க் கணக்கை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர். பால்காரர் ஒரு நாள் அரைப்படி குறைத்து ஊற்றினால் திங்கள் முடிவில் அதனைச் சொல்லிக் கழிக்கத் தெரிந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்தம் கணவர் திடுமென மறைந்தார். பதினாறாம் நாள் கழிந்தபின் இரும்புப் பேழையைத் திறந்தோம். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள்கள். எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது, காப்பீட்டுக்கு எங்கே எழுதுவது, வைப்புத்தொகை எந்நாளில் முதிர்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாது. "தம்பி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அதற்குமேல் நான் ஒன்றும் கேட்டதில்லை" என்று கலங்கினார்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் மரபுரிமைச் சான்று பெற்றுத் தருவதாக இடைத்தரகர் ஒருவர் ஆறாயிரம் உருபா வாங்கிக்கொண்டு மறைந்து போனார். பால்காரரிடம் அரைப்படி ஏமாறாத கை, ஒரு படிவத்தின் முன் ஏமாந்து நின்றது. அறிவுக் குறையாலா? அன்று. பழக்கப்படுத்தாமையால்.

ஆகவே, அறிவற்றவர் என்று நான் என்னையும் இகழவில்லை; என் தமக்கையாரையும் இகழவில்லை. 'இது ஆண் செய்வது, இது பெண் செய்வது' என்று அன்றாடத் திறன்களை இரு கூறாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியைக் கையில் தந்து, வாழ்ந்து கொள்க என்று விட்டுவிட்ட வழக்கத்தையே இகழ்கிறேன். சிற்றூரில் இவ் வழக்கத்தின் குறை வெளித்தோன்றாது. அங்கே பெரிய குடும்பம் இருந்தது. ஒருத்தி படுத்தால் ஓரகத்தி உலை வைப்பாள். ஒருவன் மறைந்தால் பங்காளி ஓடிவந்து ஆவணத்தைப் பார்ப்பான். நகரத்திலோ நான்கு சுவர்க்குள் கணவனும் மனைவியும் இருவரே. இருவருள் ஒருவர் சாய்ந்தால் வாழ்க்கையின் பாதி அப்பொழுதே நின்றுபோகிறது. நகரம் இக் குறையை ஆக்கவில்லை. மறைத்திருந்த திரையைத்தான் விலக்கியது.

நகரத்தார் படித்தவர், ஆகலின் இப் பிளவு அவர்களிடம் குறைந்திருக்கும் என்று எண்ணுவோர் பலர். நடுவணரசு 2019ஆம் ஆண்டில் எடுத்த பொழுதுப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. ஆறு அகவைக்கு மேற்பட்ட ஆண்களுள், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஒரு நாளில் கைவைத்தவர் ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 27.7 பேர்; நகர்ப்புறத்தில் 22.6 பேர். படிப்பும் வருவாயும் மிகுந்த நகரத்து ஆண், சிற்றூர் ஆணைவிடவும் அடுப்படியை விட்டு விலகியே நிற்கிறான்! நகர்ப்புறப் பெண்களிலோ அவ் வேலை செய்வோர் நூற்றுக்கு 79.2 பேர். நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால், அவ் வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 மணித்துளியும், ஈடுபடும் ஆண் 97 மணித்துளியும் செலவிடுகின்றனர். அஃதாவது, வீட்டுவேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கூடப் பெண் செய்வதில் மூன்றில் ஒரு பங்கையே செய்கிறான்.

"இதுதான் தமிழர் மரபு, மாற்றலாகாது" என்பார் உளர். மரபை ஓதியவன் என்னும் முறையில் அவர்க்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளைக் காண்க. வைகறையில் தயிர் கடைந்து, மோரை விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற கூலத்தால் குடும்பத்தை ஊட்டுகிறாள். நெய்யின் விலைக்குப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் ஆவுமாகக் கேட்டு வாங்குகிறாள். பொன் கிடந்த இடத்தில் கிடக்கும், எருமை கன்று ஈனும் என்பதை அவளுக்கு எந்தக் கணவன் கற்பித்தான்? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் அல்லரோ? இன்று ஒரு பெண்ணை வங்கிக்குத் தனியே அனுப்பத் தயங்குவோர் மரபின் பெயரைச் சொல்லும் தகுதியுடையரா?

ஆண்பக்கம் வருவோம். மடை என்பது சமைத்த உணவு. மடைத்தொழில் செய்பவன் மடையன். கோயிலில் உணவாக்கும் இடம் மடைப்பள்ளி. வீமன் செய்ததாகக் கருதப்படும் மடைநூலின் நெறி வழுவாது ஆக்கிய உணவைச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. சமைத்தல் ஆண்மைக்கு இழுக்கு என்னும் எண்ணம் அங்கே இல்லை. மடத்தினின்று பிறந்த மடையன் வேறு. மடையினின்று பிறந்த மடையன் வேறு. முன்னது பேதையைக் குறிப்பது. பின்னது சமைப்போனைக் குறிப்பது. பின்னவனாக இருக்க மறுத்த நாம் முன்னவனாகிப் போனோம், அவ்வளவே.

இன்னுமொன்று. சென்னையின் உணவு விடுதிகளில் அடுப்பின்முன் நிற்பவர் பெரும்பாலும் யார்? ஆண்கள். திருமண வீட்டில் ஆயிரம் பேர்க்குச் சமைப்பவர் யார்? ஆண்கள். கூலி கிடைக்குமிடத்தில் அகப்பையைப் பிடிக்கும் ஆணின் கை, கூலியில்லா வீட்டில் அதனைப் பிடிக்கக் கூசுகிறது. ஆணுக்குச் சமைக்க வராது என்பது பொய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈண்டு நடுவுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு குறைகளும் ஒரே எடையுடையன அல்ல. அடுப்பறியா ஆண் பட்டினி கிடப்பதில்லை. தாயோ, மகளோ, எதிர்வீட்டு அம்மையாரோ, எவளேனும் ஒருத்தி அவன் குறையைத் தன் உழைப்பால் நிரப்புகிறாள். எனக்கு நேர்ந்ததும் அதுவே. வங்கியறியாப் பெண்ணின் குறையை நிரப்ப வருபவனோ பல வேளைகளில் இடைத்தரகன். ஆணின் அறியாமைக்கும் பெண்ணே விலை கொடுக்கிறாள். தன் அறியாமைக்கும் தானே விலை கொடுக்கிறாள். ஆகலின்தான் ஆண் தன் அறியாமையைக் களைந்துகொள்ள விரைவதில்லை. அது அவனுக்குச் சுடுவதில்லை.

சில வேளைகளில் அவ் விலை உயிராகவும் இருக்கும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், ஆக்சுபாம் என்னும் துயர்துடைப்பு அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கை, கடலூர்ப் பகுதியில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று காட்டியது. ஆண்கள் பலர் அவ்வேளையில் கடல்மேல் இருந்தனர். பெண்கள் கரையில் இருந்தனர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். கரணியங்கள் பல. ஆயினும் நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைக்குப் பழக்கி, பெண்பிள்ளைக்குப் பழக்காமல் விட்டதும் அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அது கடற்கரை ஊர்களின் செய்தி, நமக்கென்ன என்று நகரத்தார் இருந்துவிட முடியாது. 2015ஆம் ஆண்டு திசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்டோம். நம் பெண்மக்களுள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. பெண்ணுக்குச் சொத்தில் ஒத்த உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு தீர்மானித்தது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டரசு அதனைச் சட்டமாக்கியது. நடுவணரசு 2005இல்தான் அவ்வழிக்கு வந்தது. தாமே கையாளும் வங்கிக் கணக்கு உடைய பெண்கள் நாடு முழுதும் 2015-16இல் நூற்றுக்கு 53 பேராக இருந்தனர், 2019-21இல் 78.6 பேராக உயர்ந்தனர் என்று நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. மகிழத்தக்க வளர்ச்சி. எனினும் என் தமக்கையார்க்கும் ஒரு கணக்கு இருந்தது. கணக்கேடு பேழையில் இருந்தது. பேழையின் திறவுகோல் கணவர் இடுப்பில் இருந்தது. உரிமையைச் சட்டம் தரும். திறனை வீடும் பள்ளியும்தாம் தரவேண்டும்.

பள்ளியால் இது கூடுமா என்பார்க்கு ஒரு நாட்டைக் காட்டுவேன். சப்பானில் பெண்களுக்கே உரியதாய் இருந்த மனையியற் கல்வியை, நடுநிலைப் பள்ளிகளில் 1993 முதலும் மேனிலைப் பள்ளிகளில் 1994 முதலும் ஆண் பெண் இருபாலார்க்கும் கட்டாயமாக்கினர். அண்டையிலுள்ள கேரளத்தில் 2024ஆம் ஆண்டு வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை அடுக்களையில் தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. சிறிய படந்தான். ஆனால் எட்டு அகவைப் பிள்ளையின் கண்ணில் அது படியும். நம் பள்ளிகளில் மனையியல் இன்றும் பெண்பிள்ளைகளின் பாடமாகவே கருதப்படுவதை மாற்ற, நாம் எவருடைய ஆணைக்குக் காத்திருக்கிறோம்?

ஆணை வரும்வரை வீட்டில் தொடங்கலாம். பத்து அகவை நிரம்பிய மகன் சோறும் ஒரு குழம்பும் ஆக்கவும், தன் துணியைத் தானே துவைக்கவும் கற்கட்டும். அதே அகவை மகள் மின் உருகியை மாற்றவும், ஒழுகும் குழாயைத் திருகவும், நீந்தவும் கற்கட்டும். பதினெட்டில் இருவரும் வங்கிப் படிவத்தைத் தாமே நிரப்பட்டும். கணவன்மார் இன்றிரவே பேழையைத் திறந்து, எந்தத் தாள் எதற்கென்று மனைவியோடு அமர்ந்து ஒரு சுவடியில் எழுதி வைக்கட்டும். 'ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை?' என்று மகனை அடுக்களையினின்று விரட்டும் தாய்மாரும் அச் சொல்லை இன்றோடு விடட்டும்.

ஊர்க்கு உரைப்பதைத் தான் செய்யாதவன் ஆசிரியனல்லன். என் துணைவியார் மீண்டு வந்தபின் வாரத்தில் மூன்று நாள் மாலையுணவு என் பொறுப்பு. முதல் திங்களில் உப்பு மிகுந்தது. இப்பொழுது அளவறிந்து விட்டேன். அன்றொரு நாள் நானாக்கிய மோர்க்குழம்பை உண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். என் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. கூடலூர் கிழார் பாட்டின் முழுப்பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. தமக்கையாரோ இன்று தம் வைப்புத்தொகையைத் தாமே புதுப்பிக்கிறார். தெருவிலுள்ள முதியபெண்டிர் இருவர்க்குப் படிவம் நிரப்பித் தருகிறார். அதற்கு அவர் எவரிடமும் ஆறாயிரம் உருபா வாங்குவதில்லை.

அறுபதை நெருங்குவோர்க்கே இது கைகூடுமாயின், ஆறு அகவைப் பிள்ளைக்குக் கைகூடாதா? பாதித் திறனோடு நாம் வாழ்ந்தது போதும். நம் மக்கள் முழுத் திறனோடு வாழட்டும்!