வைத்தியமும் சமூக ஊழியமும்

நம் நாட்டில் வைத்தியம் என்றால் டாக்டர், மருந்து, ஊசி, கட்டில் ஆகிய இந்நான்கும்தான் என்பதாகப் பொது ஜனங்கள் மாத்திரமல்லாமல், வைத்திய இலாகாவை நடத்துகின்றவர்களில் பெரும்பாலோரும் கருதிக் கொண்டிருக்கிறார்கள். ஒரு ஊரில் ஆஸ்பத்திரி கட்டி அதற்கொரு டாக்டரையும் போட்டுவிட்டால், அவ்வூருக்கு வேண்டிய வைத்திய வசதி செய்தாகி விட்டதென்று திறப்பு விழாவும் நடந்து விடுகின்றது. ஆனால் நாற்று நடவுக் கூலியில் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குக் காசநோய் என்று கண்டு, மருந்தை விடாமல் சாப்பிடு, பாலும் முட்டையும் சாப்பிடு, நன்றாக ஓய்வெடுத்துக் கொள் என்று சொல்லி அனுப்பினால், அவள் எந்த முட்டையைத் தின்பாள்? எந்த நாள் கூலியை விட்டு ஓய்வெடுப்பாள்? வியாதி இன்னதென்று தெரிந்தால் புருஷன் வீட்டார் துரத்தி விடுவார்களே என்று பயந்து மருந்துப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாளா, மாட்டாளா? இதையெல்லாம் விசாரிப்பது டாக்டர் வேலையல்ல என்றால் பின் யாருடைய வேலை என்பதே இன்று நாம் எழுத எடுத்துக் கொண்ட விஷயமாகும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசாசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிச்சர்டு காபட் என்பவர் இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக் கொண்டு, 1905ஆம் வருஷத்தில் புறநோயாளிகள் பகுதியிலேயே ஒரு சமூக ஊழியருக்கு இடம் போட்டுக் கொடுத்தார். பின்னால் அய்டா கேனன் என்ற அம்மையார் அவ்வேலையை நெடுங்காலம் தலைமை வகித்து நடத்தினார். இத்தனை நல்ல காரியத்தை ஆஸ்பத்திரி நிர்வாகத்தார் தங்கள் பொறுப்பாக ஏற்றுக் கொள்வதற்கு 1919ஆம் வருஷம் வரை ஆயிற்று. அதுவரை வெளியார் பணத்தில்தான் நடந்தது. நிர்வாகம் என்பது எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

இதற்குப் பத்து வருஷம் முன்னதாக, 1895இல், லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை ஒரு தர்ம சங்கத்தார் நியமித்தார்கள். அந்த உத்தியோகத்துக்கு வைத்த பெயர் ஆல்மனர், அதாவது தர்மம் கொடுப்பவர் என்று அர்த்தம். கொடுத்த வேலை என்னவென்று வாசகர்கள் கவனிக்க வேண்டும். காசு கொடுக்கக் கூடியவன் எவனாவது ஏழை வேஷம் போட்டு இலவச மருந்து வாங்கிப் போய்விடுகிறானா என்று பார்த்துப் பிடிக்கின்ற வேலை! ஆனால் நோயாளிகளின் கதையை அன்றாடம் உட்கார்ந்து கேட்கக் கேட்க, ஏமாற்றுகிறவர்கள் மிகச் சிலரே என்பதும், மருந்து வாங்கிப் போயும் குணமாக வழியில்லாதவர்களே அதிகம் என்பதும் விளங்கலாயிற்று. தர்மம் கொடுக்கிறவன் வாங்குகிறவனை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். வாங்குகிறவனும் கூனிக் குறுகித்தான் நிற்பான். ஆகையால் சமூக ஊழியம் தர்மத்தின் கையிலிருந்து விடுபட்டு, படித்துப் பயின்று சம்பளத்துக்குச் செய்யும் ஒரு தொழிலானதையே நாம் பெரிய மாறுதலாகக் கருதுகிறோம்.

நம் தேசத்தில் 1946ஆம் வருஷத்திலேயே சர் ஜோசப் போர் கமிட்டியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி பெற்ற சமூக ஊழியர் வேண்டுமென்று சிபார்சு செய்தார்கள். அதே வருஷம் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் அப்படி ஒருவர் நியமிக்கவும் பட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நாற்காலி போட்டு உட்காருவதும், நோயாளியின் வீட்டு வாசலை மிதிப்பதும் ஒன்றாகி விடாது. மன வியாதியில் அதற்கு வழி காட்டியது பெல்லாரி. 1985 முதல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் அந்த ஜில்லாவில் நடத்திப் பார்த்ததை வைத்துத்தான் 1996இல் ஜில்லா மனநலத் திட்டம் ஏற்பட்டது. மனநல டாக்டர், மனோதத்துவ நிபுணர், நர்ஸ் ஆகியவர்களோடு மனநலச் சமூக ஊழியர் ஒருவரும் அக்குழுவில் அங்கம்.

அவர் செய்ய வேண்டிய வேலைதான் என்ன? ஒரு வாலிபன் மூன்று மாதம் மருந்து வாங்கினான், நான்காம் மாதம் வரவில்லை என்று வைத்துக் கொள்வோம். டாக்டர் ஏட்டில் "வரவில்லை" என்று எழுதிக் கொள்வார். சமூக ஊழியர் வீட்டுக்குப் போவார். போய்ப் பார்த்தால், தகப்பனுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறதென்று நின்றிருக்கலாம். மாத்திரை தின்றால் தூங்கி வழிகிறான், ஏரோட்ட முடியவில்லை என்று நிறுத்தியிருக்கலாம். தங்கைக்குக் கலியாணம் பேசுகிற சமயத்தில் அண்ணன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு மாற்றுத் திறனாளிச் சான்றிதழும் உதவித் தொகையும் வாங்கித் தர வேண்டும். இரண்டாவதை டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை. நாலு தடவை திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை டீக்கடையில் வாய் திறக்காமலும் இருக்க வேண்டும்.

இது சின்ன விஷயமென்று நினைப்பவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்கட்டும். 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மன வியாதியஸ்தர்களை வைத்திருந்த தனியார் விடுதிக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்கள் யார்? பகைவர்களல்ல, தாயும் தகப்பனும் அண்ணன் தம்பியுமேயாவார்கள். தர்காவில் கனவில் உத்தரவு கிடைத்தால் குணமாகும் என்ற மூட நம்பிக்கை ஒரு பக்கம். பைத்தியம் பிடித்த ஒருவனை வீட்டில் வைத்துக் கொண்டு எப்படி வாழ்வதென்று சொல்லிக் கொடுக்க ஒரு நாதியும் இல்லாமை மற்றொரு பக்கம். குணசீலத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் கதையும் இதுதான். இதில் மதத்துக்கு மதம் வித்தியாசம் ஒன்றும் நாம் காணவில்லை. சங்கிலி எந்த ரூபத்திலும் கூடாதென்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்தை எடுத்துக் கொண்டு வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போக ஆள் வேண்டாமா?

இங்கே நம் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேயும் பில்லி சூனியமும் பொய் என்று மேடையில் சொல்வது நம் கடமைதான். ஆனால் மகனை மந்திரவாதியிடம் கூட்டிப்போன தாயைப் பார்த்து, "முட்டாளே" என்றால் அவள் மறு தடவை மந்திரவாதியிடம்தான் போவாள். நம்மிடம் மறைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான் வித்தியாசம். தெரிந்த ஊழியர், தாயத்தை அவிழ்க்கச் சொல்வதற்கு முன் மாத்திரையை விழுங்க வைப்பார். மகன் தெளிந்து வேலைக்குப் போகும் நாளில் தாயத்தைப் பற்றி அவளே யோசிப்பாள். பகுத்தறிவுக்கு இதனால் என்ன குறைவு வந்துவிடும் என்று கேட்கின்றோம்.

வீடு தேடிப் போவதால் பலன் உண்டா என்று கணக்குக் கேட்பவர்களுக்கும் பதிலுண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்துச் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு வியாதியுள்ள 282 பேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2014இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. டாக்டர் வைத்தியத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்களும் வீடு தேடிப் போன பிரிவினருக்கு, 12 மாதத்தில் வியாதியின் கடுமையும் முடக்கமும் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தன. பிரமாதமான வித்தியாசமல்லதான். ஆனால் அந்தச் சற்றுக்குள்தான் ஒருவன் தானே குளித்துச் சாப்பிட்டு வேலைக்குப் போவதும், போகாமலிருப்பதும் அடங்கியிருக்கிறது.

நிற்க, காரியத்தில் நடப்பது என்ன? சமூக ஊழியர் இடம் காலியானால் அதுதான் கடைசியாக நிரப்பப்படுகின்றது. ஆள் இருந்தாலும் அவரைப் பிடித்து ரிஜிஸ்டர் எழுதவும், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் வைத்துவிடுகிறார்கள். குழுவில் அவர் பேச்சுக்கு டாக்டர் தம் முடிவை மாற்றிக் கொள்ள இடமில்லையானால் அவர் குழுவில் அங்கமல்ல, எடுபிடியே ஆவார். 2005 முதல் பல மாகாணங்களில் வேலை செய்யும் ஆஷா பெண்களுக்கும், 2021இல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டு போகும் பெண்களுக்கும், "தொண்டர்" என்று பட்டம் கொடுத்து, சம்பளத்துக்குப் பதிலாக ஊக்கத் தொகை, மதிப்பூதியம் என்று கொடுத்து விடுகிறார்கள். பெண்கள் செய்தால் தொண்டு, ஆண்கள் செய்தால் உத்தியோகம் என்பது எந்த நியாயமோ நமக்கு விளங்கவில்லை. இன்னொரு கொடுமை ஜாதியாகும். ஊழியர் இன்ன ஜாதியென்று தெரிந்தால் திண்ணையோடு நிறுத்துகிற வீடும் உண்டு. சேரிக்குள் போகாமலே போனதாக எழுதுகிற ஊழியரும் உண்டு. இரண்டையும் இலாகாத் தலைவர்கள் விசாரித்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

நம் மாகாணத்தில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகின்றது. அடுத்த சபைக்குப் போகின்ற தோழர்கள் இவற்றைக் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். நமது தாலூகா ஆஸ்பத்திரிக்கு மனநலக் குழு என்றைய தினம் வருகிறது? அதில் சமூக ஊழியர் இருக்கிறாரா, இடம் காலியா? காலியானால் எத்தனை மாதமாகக் காலி? சென்ற மாதம் எத்தனை வீட்டுக்குப் போனார்? சேரியில் எத்தனை வீடு? போக வண்டி கொடுத்திருக்கிறார்களா? கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, நகல் ஒன்று நமக்கும் அனுப்பி வைத்தால், ஜில்லாவாரியாக வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.