ஆம்புலன்ஸ் வாங்குறது ஈஸி, ஓட்டுறதுதான் செலவு!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இத்தனை கம்பெனி இருக்கே, ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்கித் தரக் கூடாதான்னு கேக்குறாங்க. 108 வண்டி 2008-லேர்ந்து இலவசமா ஓடுது, முதல்ல அதைத்தான் கூப்பிடணும். ஆனா ஷிஃப்ட் விடுற நேரத்து நெரிசல்ல அது வந்து சேரணுமே.

சரி, கணக்குக்கு வருவோம். 24 மணி நேரமும் ஓடணும்னா மூணு டிரைவர். ஆளுக்கு 18,000 ரூபாய்னு வெச்சாலே மாசம் 54,000. டீசல், இன்சூரன்ஸ் தனி. இந்தச் சம்பளத்தை மட்டும் வட்டியில சமாளிக்க, 7 சதவீத எஃப்.டி.ல கிட்டத்தட்ட 93 லட்சம் போடணும்! அதையும் கம்பெனியே தரட்டும்னா, 2021 விதித் திருத்தத்துக்கு அப்புறம் கார்பஸ் நிதிக்குக் கொடுக்குறது சிஎஸ்ஆர் செலவுல சேராது.

அதனால வண்டி கேக்காதீங்க, ஓட்டுற செலவைக் கேளுங்க. ‘தொடர் திட்டம்’னு போட்டா, ஆரம்பிச்ச வருஷம் போக மூணு வருஷம் வரை சிஎஸ்ஆர்லயே நடத்தலாம். அதுக்குள்ள ஊர் தயாராகணும். 3,000 வீடு, வீட்டுக்கு மாசம் 20 ரூபாய்னா 60,000 வந்துடும். வாடகை ரூம்ல எட்டுப் பேரா தங்குற பசங்ககிட்ட மட்டும் வசூல் வேண்டாம்; வாடகை வாங்குற ஓனர் கட்டட்டும்.