கேமில் எல்லா வீலும் பொருந்தும்

இந்த வார எபிசோடில் ரேசிங் கேம்களைப் பற்றிப் பேசும்போது, "வீல் ஆஃப்செட்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டோம். அது சரியில்லை. ஏன்னா எனக்கு அதில் ஒரு கருத்து இருக்கு, அந்தக் கருத்துக்கு நான் நல்ல விலையும் கொடுத்திருக்கேன்.

2019. நான் யாங்கோனில் இருக்கிறேன். எங்க பாட்டிக்கு இன்னைக்கும் அது ரங்கூன்தான். பகல் பூரா சிங்கப்பூர் கிளையன்ட்டுக்கு கான்ட்ராக்ட் வேலை, ராத்திரி கரண்ட் இருந்தால் ஃபோர்ஸா ஹொரைசன் 4. கீழே தெருவில் நிற்பது ஒரு பழைய ஹோண்டா ஃபிட். 2011க்கு அப்புறம் கார் இறக்குமதி தளர்ந்ததும் ஜப்பானில் ஓடிக் களைத்த கார்கள் இங்கே வந்து குவிந்தன. ப்ரோபாக்ஸ், விட்ஸ், ஃபிட் என்று ஊர் முழுக்க அதுதான். காரோடு சேர்ந்து பழைய வீல்களும் வந்தன.

கேமில் என் கார்கள் எல்லாத்துக்கும் டிஈ37 வீல்தான். ஜப்பானின் ரேஸ் கம்பெனி 1996இல் கொண்டுவந்த வீல். பெயரில் உள்ள 37, 15 இன்ச் சைஸில் 3.7 கிலோ எடை என்பதைக் குறிக்கிறது. நிஜத்தில் வாங்க நம்ம பட்ஜெட் இடம் கொடுக்குமா? அதே சாயலில், பெயர் தெரியாத ஒரு செட் பழைய சாமான் கடையில் கிடைத்தது. "நாலு ஓட்டை, நூறு பிசிடி, உங்க வண்டிக்குப் பொருந்தும்" என்றார்கள். மாட்டினேன். கார் அப்படியே கேமிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெகுவுக்குக் கிளம்பினேன். எண்பதில் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கியது. ரோடு அப்படி என்று நினைத்தேன். அப்புறம் இடது முன்பக்கத்தில் டக், டக் என்று ஒரு சத்தம். "என்னடா அது, யாரோ தட்டுற மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. தௌச்சானைத் தாண்டி ஓரம் கட்டினேன். அந்த வீலில் நாலு நட்டுக்கு மூன்றுதான் இருந்தது. அந்த மூன்றையும் விரலாலேயே திருப்ப முடிந்தது. டயரின் வெளி விளிம்பில் ஃபெண்டர் சீவிய கோடு வேறு.

இங்கே ஒன்று சொல்லணும். பர்மாவில் 1970இலிருந்து வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பான் காரில் ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். ஆக ஓட்டுகிறவர் ரோட்டோரத்தில், பக்கத்தில் இருப்பவர் எதிரே லாரி வரும் பக்கத்தில். கழன்று கொண்டிருந்தது அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்து வீல்.

இப்போ பாடத்துக்கு வருவோம். ஆஃப்செட் என்றால் என்ன? வீலை அகலவாக்கில் சரி பாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டுக்கும், வீல் ஹப்போடு ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். வீலில் ஈ.டி. 45 என்று பொறித்திருப்பது இதுதான், ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் பிளஸ், வீல் காருக்குள்ளே அடங்கும். உட்புறம் இருந்தால் மைனஸ், வீல் வெளியே துருத்தும். சுருக்கமா, எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஆனா இந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, அகலத்தோடு சேர்த்துத்தான் பார்க்கணும். என் பழைய வீல் 5.5 இன்ச் அகலம், ஈ.டி. 45. அகலத்தில் பாதி 69.85 மி.மீ. அதில் 45ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 24.85 மி.மீ. கூட்டினால் உள் விளிம்பு 114.85. புது வீல் 7 இன்ச், ஈ.டி. 28. பாதி 88.9. வெளியே 60.9, உள்ளே 116.9. உட்பக்கம் 2 மி.மீ.தான் வித்தியாசம், வெளிப்பக்கம் 36 மி.மீ. வந்துவிட்டது. குழியில் இறங்கும்போது ஃபெண்டர் டயரைச் சீவாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடக் கணக்கு இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி வைத்திருக்கும் நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன்னா கேம் என்னை ஒருதரம்கூட போடச் சொன்னதில்லை.

நட்டு கழன்ற காரணம் வேறு. அதை விளக்கியவர் ரோட்டோர மெக்கானிக் ஒருவர். இங்கே மெக்கானிக்கை "சயா" என்போம், வாத்தியார் என்று அர்த்தம். அன்றைக்கு அது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தையாக மட்டும் இல்லை. சயா வீலைக் கழற்றி நடு ஓட்டையைக் காட்டினார். ஹோண்டா ஃபிட்டின் ஹப் 56.1 மி.மீ. விட்டம். இந்த வீலின் ஓட்டை 73.1, பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக விட்டிருக்கிறார்கள். இடைவெளியை அடைக்க ஒரு ஹப் ரிங் போடணும், நான் போடவில்லை. அடுத்து நட்டு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டுக்கு அடி உருண்டையாக இருக்கும், வெளிச்சந்தை வீலின் குழியோ பெரும்பாலும் கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் முழுசாகப் பதியாது, ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எவ்வளவு முறுக்கினாலும் ஓட்டத்தில் தளரும். மரை ஒன்றுதான், அதனால் நட்டு ஏறிவிடுகிறது. கம்பைல் ஆயிடுச்சு, அதனால சரின்னு நினைக்கிற ஜூனியர் மாதிரி நானும் நம்பிட்டேன்.

கேம்களுக்கு வருவோம். ஃபோர்ஸாவில் ட்ராக் அகலத்தைக் கூட்டலாம். நீட் ஃபார் ஸ்பீட் ஹீட்டில் அதையே ஸ்லைடரில் இழுக்கலாம். கிரான் டூரிஸ்மோ 7இல் ரிம்மை அகலமாக்கலாம், ஆஃப்செட்டையும் வெளியே தள்ளலாம். எல்லாத்திலும் வீல் ஃபெண்டரோடு ஒட்டி அழகாக நிற்கும். இந்த கேம்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன், அதில் பாதி உண்மை இருக்கு. ட்ராக் அகலமானால் வளைவில் உள் டயரிலிருந்து வெளி டயருக்கு மாறும் எடை குறையும், பிடிப்பு கொஞ்சம் கூடும். என் காரில் ஒரு பக்கத்துக்கு 17 மி.மீ., மொத்தம் 34 மி.மீ. ட்ராக் கூடியது. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ட்ராக்கில் அது இரண்டு சதவீதம் சொச்சம். லாபம் அவ்ளோதான்.

மீதிப் பாதி கேமில் வருவதில்லை. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். வீல் வெளியே போனால் டயரின் நடுவும் வெளியே போகும். ஒரு பக்கக் குழி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். மழைக்காலம் முடிந்த யாங்கோன் ரோட்டில் இதை ஒரு நாளைக்கு நூறு தடவை உணரலாம். கேம் லாபத்தை ஸ்கோரில் சேர்த்துவிட்டு பில்லை மறைத்துவிடுகிறது.

"கேம்தானே, பரீட்சையா வைக்கிறாங்க?" என்று நீங்கள் கேட்பது புரியுது. ராத்திரி அரைமணி நேரம் ஜாலியா ஓட்ட வந்தவனிடம் நட்டின் வடிவத்தைக் கேட்டால் அவன் மூடிவிட்டுப் போய்விடுவான். சரிதான். ஆனா இந்த எண்களை கேம் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அஸெட்டோ கோர்ஸாவில் ஒரு காரின் சஸ்பென்ஷன் கோப்பைத் திறந்து பாருங்கள், ட்ராக்குக்கு ஒரு வரி, ரிம் ஆஃப்செட்டுக்கு ஒரு வரி இருக்கும். ஸ்லைடர் இருக்கும் எந்த கேமிலும் பின்னால் ஒரு எண் இருந்தே ஆகணும். அதைத் திரையில் காட்டுவதற்கு என்ன தயக்கம்? "அழகு" என்ற மெனுவில் வைக்காமல் மில்லிமீட்டரில் காட்டட்டும். டேமேஜ் மோடை ஆன் பண்ணினவனுக்கு டயர் ஃபெண்டரில் உரசட்டும். "இந்த வீல் இந்தக் காருக்குச் சேராது" என்று ஒருதரமாவது சொல்லட்டும். முடியாது என்று சொல்லாத மென்பொருள் நமக்கு எதையும் கற்றுத்தராது, எல்லாம் முடியும் என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கும். என்னிடம் இருந்தது அந்தத் தைரியம்தான்.

உங்களில் பலர் முதல் சம்பளத்தில் ஒரு பழைய சிவிக்கோ யாரிஸோ வாங்கும் வயதில் இருக்கீங்க. டொரண்டோவோ லண்டனோ கோலாலம்பூரோ, வீல் மாற்றும் ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மாற்றுங்க, நான் தடுக்கமாட்டேன். ஆனா காசு கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்க. பிசிடி என்ன? நடு ஓட்டை என் ஹப்புக்குச் சரியா, ரிங் வேணுமா? அகலமும் ஈ.டி.யும் என்ன? நட்டு கூம்பா, உருண்டையா, தட்டையா? மாட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் முறுக்குங்க. ஃபிட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர், உங்க காருக்கு என்ன என்பது மேனுவலில் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருதரம் முறுக்கிப் பாருங்க.

அன்றைக்கு சயா மற்ற மூன்று வீலிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி... என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. "இந்த வீலோடு அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பையனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி எங்கிருந்தோ நாலு பழைய இரும்பு வீலும் அதற்குச் சேர்ந்த நட்டும் கொண்டுவரச் சொன்னார். பதினாலு இன்ச், துரு பிடித்தது, பார்க்க சகிக்காது. அதில்தான் பெகு போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பழைய வீலுக்கு என்னடா குறைச்சல்?"

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. டிஈ37 இப்பவும் பிடிக்கும். ஆனா அதை கேமில் மட்டும் மாட்டுகிறேன்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.