சத்தத்துக்கு ஒரு பெயர்



ஒரு வயதை நெருங்கும் பிள்ளை புதிய சத்தம் ஒன்று கேட்டால் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்க்கும். பயப்படுவதா, சிரிப்பதா என்று அங்கேதான் படித்துக்கொள்ளும்.

எங்களுக்கோ 2009 வரை சத்தம் என்றால் பதுங்குகுழி. நான் வேலையில் சந்திக்கும் தாய்மார் பலருக்கு இன்றும் வெடி கொளுத்தினால் உடம்பு நடுங்கும். அது அவர்களுடைய குறையல்ல.

திடுக்கிட்ட பிறகும் பிள்ளையோடு பேசலாம். "அம்மா திடுக்கிட்டுப்போனன். அது இடி. மழை வரப்போகுது" என்று சொல்லி மகனை அணைத்துக்கொள்வேன். இப்போது அவனுக்கு இரண்டு வயது. இடி முழங்கினால் அம்மம்மாவிடம் ஓடிப்போய், "இடி! மழை! உடுப்பு!" என்று கொடியைக் காட்டுகிறான். அம்மம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது.

அடுத்த முறை நீங்களும் சத்தத்தின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்.