கலசத்தைக் கையில் வாங்கியவர்கள்





கோடை விடுமுறை வந்தால் நமது சபைகளிலிருந்து சிறு குழுக்கள் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் ஊழியப் பயணமாகப் புறப்படுகின்றன. திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுகிறார்கள். எத்தனை கூட்டங்கள், எத்தனை கைப்பிரதிகள், எத்தனை பேர் ஜெபத்துக்காக முன்வந்தார்கள் என்று கேட்டு நாமும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் அவை யாவும் அவர்கள் கொடுத்தவற்றின் கணக்கு. பெற்றுக்கொண்டவற்றின் கணக்கை யார் வாசிக்கிறார்கள்?

மத்தேயு 10ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் திறந்து பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு கலசம் கொடுப்பவனும் தன் பலனை இழந்துபோவதில்லை என்று ஆண்டவர் அங்கே வாக்களிக்கிறார். தர்மம் செய்யத் தூண்டும் வசனமாகவே அதை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் பன்னிருவரை ஊழியத்துக்கு அனுப்பும்போது சொல்லப்பட்டது. பணமும் பையும் இல்லாமல் போகச் சொன்னார். அப்படியானால் அந்த வசனத்தில் கலசத்தை நீட்டுகிறவர் வழியிலுள்ள வீட்டுக்காரர். தாகத்தோடு வாங்கிக் குடிக்கிறவனே ஊழியக்காரன்!

நான் ஊழியம் செய்யும் பள்ளுருத்தியில் இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. காயலும் கடலும் சூழ்ந்த பகுதி. நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிநீர் தொலைவிலுள்ள ஆற்றிலிருந்து வரவேண்டும். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூரில் பம்புகள் பழுதானபோது, மேற்குக் கொச்சியின் பல வீடுகள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்தன. அந்த நாட்களில் ஒருவர் தன் குடத்திலிருந்து விருந்தினருக்கு ஒரு குவளை ஊற்றினார் என்றால், அதன் விலை என்ன என்பதை நம் சகோதரிகள் அறிவார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இந்த விலையை அறிந்தவர். பதினாலு நாள் புயலில் அலைக்கழிக்கப்பட்டு, 276 பேர் உயிருக்குத் தத்தளித்த கப்பலில், அப்பத்தைக் கையில் எடுத்து எல்லாருக்கும் முன்பாக தேவனுக்கு நன்றி செலுத்தினார். கரை சேர்ந்த மெலித்தா தீவிலே, மொழி தெரியாத அந்நியர் மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். பரிசுத்த லூக்கா அந்த நெருப்பை மறவாமல் எழுதிவைத்தார். ரோமாபுரிக்குப் போகும் வழியில் சகோதரர்கள் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தபோது, அவர்கள் முகத்தைக் கண்டே பவுல் ஸ்தோத்திரம் செய்து தைரியமடைந்தார். எத்தனையோ சபைகளை நாட்டினவருக்கும் அந்த முகங்கள் தேவைப்பட்டன.

நம் தமிழ் மண்ணுக்கு வந்த சீகன்பால்குவை நினைத்துப் பாருங்கள். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் அந்த மணலும் இருக்கிறது. போதிக்க வந்தவர் முதலில் நம் குழந்தைகளிடம் பெற்றுக்கொண்டார்.

இன்று நம் குழுக்கள் போகும் இலங்கை மலையகத்துக்கு வருவோம். நம் நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் பலர் இன்னும் லயங்களில் வாழ்கிறார்கள். பல குடும்பங்களுக்கு 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரே அறை. அங்கே உங்களுக்குப் பாய் விரிக்கப்பட்டால், வீட்டார் அடுப்பங்கரையில் படுத்தார்கள் என்று அறியுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மா எட்டாத பொருளாயிற்று. உங்கள் கோப்பையில் பால் தேநீரும், அந்த வீட்டுப் பிள்ளையின் கோப்பையில் பிளேன்டீயும் இருந்தால், அந்தப் பாலைக் கொடுத்தது யார்? விடியலிலே கொழுந்து பறிக்கப் போகவேண்டிய தாய் உங்களுக்கு முன்னே எழுந்து வெந்நீர் வைத்ததைக் கவனித்தீர்களா?

இதைக் காண்கிறவன் கூட்டத்தில் கைதட்டி நன்றி சொல்வதோடு நிறுத்தமாட்டான். தங்கும் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் தானே வாங்கிச் செல்வான். அவர்களுடைய வறுமையைப் படம்பிடித்துச் சபை அறிக்கையில் போடமாட்டான். வீட்டாரின் பெயர்களைக் கேட்டுக் குறித்துவைத்து, ஊர் திரும்பியபின் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பான், கடிதமும் எழுதுவான். நன்றியற்ற ஊழியனோ, ஏழையின் பாயில் படுத்து எழுந்து, தானே உபகாரி என்று எண்ணிக்கொண்டு திரும்புவான். இது ஆத்துமாவுக்கு ஆபத்து.

அன்பானவர்களே, வெளிநாடு போகாத நீங்களும் இந்தக் கணக்கை எழுதலாம். பிழைப்புக்காக இந்த நகரத்தில் வந்து இறங்கிய முதல் வாரத்தை நினைவுகூருங்கள். உங்கள் கைக்குழந்தைக்கு வெந்நீர் கொடுத்த அயல்வீட்டுச் சேச்சி, முன்பணம் குறைந்தபோதும் அறையைத் திறந்துவிட்ட சேட்டன், வழி தெரியாமல் நின்றபோது பேருந்து ஏற்றிவிட்ட ஒருவர். அவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் தேடிச் சென்று, அந்த நாளை நான் மறக்கவில்லை என்று சொல்லுங்கள். பின்பு அவர்கள் பெயரைச் சொல்லி முழங்காற்படியிடுங்கள்.

கலசம் நீட்டிய ஒவ்வொரு கரத்தையும் கர்த்தர் மறவாமல் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.